நடைத்தொலைவு

நுழையும்முன்

'அருகில்தான் இருக்கிறது' என்று நாம் சொல்லும் பொருள், ஆபத்து வேளையில் எவ்வளவு தொலைவில் இருக்கும்? வரைபடத்தில் அளவுகோல் காட்டும் தொலைவும் மனிதர் நடந்து கடக்கும் தொலைவும் ஒன்றாக இருப்பதில்லை. தீப்பற்றிய கட்டடத்தில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு உயிரைக் காக்கலாம். உயிரைப் பறிக்கவும் செய்யலாம். தீயணைப்பானை எங்கே அமைக்க வேண்டும் என்னும் எளிய வினாவுக்கு, வாணியம்பாடிப் பகுதியின் தொழிற்கூடம் ஒன்றை மனத்தில் நிறுத்தி விடை தேடுகிறது இப்பாடம்.

வழியை அளந்த மரபு

தொலைவை உடலால் அளந்தவர் நம் முன்னோர். விரற்கடை, சாண், முழம் ஆகியவை கையிலிருந்து பிறந்த அளவைகள். ஒருவர் கூப்பிடும் குரல் மற்றொருவர் காதில் விழும் எல்லையைக் கூப்பிடு தொலைவு என்றனர். 'கூப்பீடு' என்பது வழித்தொலைவைக் குறிக்கும் அளவைப் பெயராகவும் வழங்கியது. நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகைவழி' என்றனர்.

இச்சொற்களில் ஒரு நுட்பம் உள்ளது. நாழிகைவழி என்னும் அளவைக்குள் நடப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் கால்பதிக்கும் பாதையும் இருக்கிறது. எதிரில் தெரியும் ஊர் அண்மையில் இருப்பதுபோல் தோன்றினாலும், இடையில் ஓர் ஆறு ஓடினால் பாலம் இருக்கும் இடம்வரை சென்று சுற்றித்தான் வரவேண்டும். பறவைக்கு ஒரு தொலைவு. மனிதருக்கு வேறொரு தொலைவு.

இக்காலத் தீப்பாதுகாப்புத் துறை இதே உண்மையைத் தன் அடிப்படை விதிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. ஒருவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து, சுவர், வாயில், இயந்திரம், மேசை முதலியவற்றைச் சுற்றிக்கொண்டு தீயணைப்பான் இருக்கும் இடத்தை அடைய உண்மையில் நடக்க வேண்டிய வழியின் நீளமே அவ்விதியில் கணக்கில் கொள்ளப்படுகிறது. அதனை 'நடைத்தொலைவு' என இப்பாடத்தில் வழங்குவோம்.

பாலாற்றங்கரைத் தொழில்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய நிலப்பகுதி தோல்தொழிலுக்குப் பெயர்பெற்றது. முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளன. ஆவாரம்பட்டையின் துவர்ப்பைக் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையிலிருந்து, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்கும், பதனிட்ட தோலைக் காலணியாகவும் கையுறையாகவும் பையாகவும் ஆக்கி ஏற்றுமதி செய்யும் நிலைக்கும் இத்தொழில் வளர்ந்தது. இவ்வளர்ச்சிக்கு அறிவியல் துணையாகச் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

தோல்தொழில் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது நீர். பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும், அதுகுறித்து உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பும் நாடறிந்தவை. நீரால் விளைந்த கேட்டைப் பேசிய அளவுக்கு, இத்தொழிலில் தீயால் விளையக்கூடிய கேட்டை நாம் பேசுவதில்லை. நீரில் ஊறும் தோலைத் தீ என்ன செய்துவிடும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் ஆகலாம்.

ஈரப்பகுதியும் உலர்பகுதியும்

தோலை ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், மயிர் களைதல், பெரிய மர உருளைகளில் இட்டுப் பதனிடுதல் ஆகிய வேலைகள் ஈரத்தில் நடப்பவை. அதன்பின் தோல் உலர்த்தப்படுகிறது. உலர்ந்த தோலின் பரப்பைத் தேய்த்து மென்மையாக்கும்போது நுண்ணிய தோல்தூசி எழுகிறது, அது எரியக்கூடியது. மெருகூட்டும் பிரிவில் விரைந்து ஆவியாகும் கரைப்பான்கள் கலந்த பூச்சுகளைத் தெளிக்கின்றனர்.

காலணிக் கூடங்களில் நிலைமை இன்னும் கூர்மையானது. மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒட்டும் பசைகளில் டொலுவீன், அசிட்டோன், எத்தில் அசிட்டேட்டு முதலிய கரைப்பான்கள் இடம்பெறுவதுண்டு. ஒரு நீர்மத்தின் மேல் எழும் ஆவி, தீப்பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை ஒவ்வொரு நீர்மத்திற்கும் உண்டு. டொலுவீனுக்கு அது ஏறத்தாழ 4 பாகை செல்சியசு. எத்தில் அசிட்டேட்டுக்குச் சுழிக்குக் கீழே 4 பாகை. அசிட்டோனுக்குச் சுழிக்குக் கீழே 20 பாகை. கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் வேலூர் வட்டாரத்தில், மூடி திறந்த பசைக்குவளை ஒவ்வொன்றும் தீப்பொறிக்காகக் காத்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

தெரிந்து தெளிவோம்

எரியும் பொருளைக் கொண்டு தீயை வகைப்படுத்துவர். மரம், துணி, தாள், தோல் முதலிய திண்மங்களில் பற்றுவது 'ஏ' வகை. எண்ணெய், கரைப்பான் முதலிய நீர்மங்களில் பற்றுவது 'பி' வகை. எரிவளித் தீ 'சி' வகை. மக்னீசியம் முதலிய உலோகங்களில் பற்றுவது 'டி' வகை. கரைப்பானில் பற்றிய தீயின்மேல் நீரை ஊற்றினால், எரியும் நீர்மம் மிதந்து பரவித் தீயை விரிவாக்கிவிடும். அதற்கு நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பானே ஏற்றது. மின்னோட்டம் உள்ள கருவியின்மேலும் நீரைப் பயன்படுத்தலாகாது.

தீ வளரும் கணக்கு

தீயணைப்பான் அருகில் இருக்க வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எவ்வளவு அருகில் என்பதே வினா. அதற்கு விடை தீயின் இயல்பில் இருக்கிறது.

தொடக்க நிலையில் உள்ள தீயின் வெப்ப ஆற்றல், கடந்த நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதாகக் கொள்வது தீப்பொறியியல் துறையின் வழக்கம். நேரம் இரு மடங்கானால் தீ நான்கு மடங்காகும். நேரம் மும்மடங்கானால் தீ ஒன்பது மடங்காகும். 'விரைந்து வளரும் தீ' என அத்துறையினர் வகுத்துள்ள தீ, 150 நொடியில் 1055 கிலோவாட் அளவை எட்டும். இக்கணக்கின்படி 25ஆம் நொடியில் அது 29 கிலோவாட்டாகவே இருக்கும். ஒரு கையடக்கத் தீயணைப்பானால் எளிதில் அடக்கிவிடலாம். ஒரு நிமிடம் கடந்தால் அதன் ஆற்றல் 170 கிலோவாட்டை நெருங்கிவிடும்.

தீயணைப்பானிலிருந்து பொருள் வெளிப்படும் நேரமும் குறுகியது. தோளுயரத்தில் மாட்டப்பட்டுள்ள சிவப்பு உருளையைப் பார்க்கும்போது, அது நெடுநேரம் பணிசெய்யும் என்று தோன்றலாம். நடுத்தர அளவிலான உலர்தூள் உருளை அரை நிமிடத்திற்குள்ளாகவே வெறுமையாகிவிடும். ஆகவே தீயணைப்பான் சிறு தீக்கு உரிய கருவி. தீ சிறிதாக இருக்கும்போதே அதனிடம் கருவியைக் கொண்டுசேர்க்க வேண்டும். கருவியின் திறனைத் தீர்மானிப்பதில் அதன் எடைக்குப் பங்கு இருப்பதுபோல், அது இருக்கும் இடத்திற்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் தீயணைப்பான்களைத் தேர்ந்தெடுத்தல், அமைத்தல், பேணல் ஆகியவற்றுக்கான நெறிமுறையை இந்தியத் தரநிலை 2190 வகுக்கிறது. பொதுவான பணியிடங்களில் 15 மீட்டர் என்னும் வரம்பு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பத்தாம் எண் தரநிலை, திண்மப் பொருள்களின் தீக்கு 75 அடி, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் என்று வரம்பிடுகிறது. நீர்மத் தீக்கோ, கருவியின் திறனைப் பொறுத்து 30 அடி அல்லது 50 அடி என்று சுருக்குகிறது. கரைப்பானில் பற்றிய தீ கண்ணிமைப்பதற்குள் பரவக்கூடியது என்பதனால் கருவி இன்னும் அருகில் இருக்க வேண்டியுள்ளது. எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், எளிதில் பற்றும் பொருளுக்கு அருகில் வரம்பைக் குறைப்பது பொதுவான கருத்து.

ஒரே கூடம், மூன்று தொலைவுகள்

வாணியம்பாடியை அடுத்துக் காலணியின் மேற்பகுதி தைக்கும் கூடம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நீளம் 24 மீட்டர். அகலம் 9 மீட்டர். நீண்ட சுவர் ஒன்றின் நடுவில் வாயில் இருக்கிறது. வாயிலருகே ஒரு தீயணைப்பானை மாட்டியிருக்கின்றனர். கூடத்தில் அதற்கு மிகத் தொலைவில் உள்ள இடம் எது? எதிர்ச்சுவரின் மூலை. வாயிலிலிருந்து அம்மூலை நீளவாக்கில் 12 மீட்டர். அகலவாக்கில் 9 மீட்டர்.

முதலில் வரைபடத்தை விரித்து அளவுகோலை வைப்போம். 12, 9 ஆகியவற்றைப் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 15. ஆகவே நேர்கோட்டுத் தொலைவு சரியாக 15 மீட்டர். தாளில் வரம்பு நிறைவேறிவிட்டது. ஆய்வுக் குறிப்பில் ஒரு சரிக்குறியும் விழுந்துவிடும்.

இப்போது கூடத்தில் தையல் இயந்திரங்களை வரிசை வரிசையாக அடுக்குவோம். மூலையில் இருப்பவர் இயந்திரங்களின் மேல் பறந்து வர இயலாது. நடைவழியில் 12 மீட்டர் நடந்து, திரும்பி, மேலும் 9 மீட்டர் நடக்க வேண்டும். தொலைவு 21 மீட்டர்.

அடுத்து, கூடத்தின் நடுவே நீளவாக்கில் 20 மீட்டருக்கு ஒரு நகரும் பட்டையை அமைப்போம். இடப்பக்கச் சுவரில் தொடங்கும் அப்பட்டையைக் குறுக்கே கடக்க முடியாது. வலக்கோடியில் மட்டும் 4 மீட்டர் இடைவெளி உண்டு. பட்டையை ஒட்டி இயந்திரங்களும், இருபுறமும் சுவரை ஒட்டி நடைவழியும் உள்ளன. எதிர்ச்சுவரின் இடமூலையில் இருப்பவர் இடைவெளியை அடைய 20 மீட்டர் நடக்கிறார். கூடத்தைக் கடக்க 9 மீட்டர். வாயிலை நோக்கித் திரும்பிவர 8 மீட்டர். மொத்தம் 37 மீட்டர்.

கூடம் மாறவில்லை, தீயணைப்பானும் இடம்பெயரவில்லை. ஆயினும் தொலைவு 15, 21, 37 என வளர்ந்துவிட்டது. அவர் சென்று கருவியை எடுத்துக்கொண்டு தீ இருக்கும் இடத்திற்குத் திரும்பவும் வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கொண்டால், போய்வர முதல் நிலையில் 25 நொடி, இரண்டாம் நிலையில் 35 நொடி, மூன்றாம் நிலையில் ஏறத்தாழ 62 நொடி ஆகும். தீயின் கணக்கையும் இதனோடு சேர்த்துப் பார்ப்போம். முதல் நிலையில் 29 கிலோவாட். இரண்டாம் நிலையில் அதைப்போல் இரு மடங்கு. மூன்றாம் நிலையில் ஆறு மடங்கு. வரைபடத்தைப் பார்த்து மாட்டிய கருவி, ஆறு மடங்கு வளர்ந்த தீயின் முன்னே வந்து நிற்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. எதிர்ச்சுவரின் நடுவில் இரண்டாவது தீயணைப்பானை மாட்டினால், அப்பக்கத்து மூலைகள் இரண்டும் 12 மீட்டரில் அடங்கும். இயந்திரத்தருகே இருப்பவர் நடைவழிக்கு வர 3 மீட்டர் நடந்தாலும், வரம்பு 15 மீட்டரைத் தாண்டாது. பசை பூசும் மேசை இருக்குமாயின், அதற்கெனத் தனியே ஒரு தீயணைப்பானை இன்னும் அருகில் வைக்க வேண்டும்.

வட்டமும் சாய்சதுரமும்

தீயணைப்பானை மையமாகக் கொண்டு 15 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் அடங்குவன எல்லாம் பாதுகாப்பானவை என்று முடிவுசெய்வது பலர் செய்யும் பிழை. அவ்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர மீட்டர். மனிதர் நேர்கோட்டில் செல்ல இயலாமல், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நடைவழிகளில் மட்டும் செல்வதாகக் கொள்வோம். அப்போது 15 மீட்டருக்குள் எட்டக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்ந்து, மூலைவிட்டம் ஒவ்வொன்றும் 30 மீட்டர் உள்ள ஒரு சாய்சதுரத்தில் அடங்கும். அதன் பரப்பு 450 சதுர மீட்டர் மட்டுமே.

வட்டத்திற்குள் இருந்தும் சாய்சதுரத்திற்கு வெளியே நிற்கும் 257 சதுர மீட்டரில் பணிபுரிவோர், தாளில் பாதுகாப்பு உடையவர். தரையில் அது இல்லாதவர். மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட இடம் இவ்வாறு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

மாட்டும் இடம்

தொலைவு வரம்பிற்குள் இருப்பது மட்டும் போதாது. எவ்விடத்தில் மாட்டுகிறோம் என்பதும் கருதத்தக்கது. கருவியை எடுக்கச் செல்பவரின் கால்கள் வெளியேறும் வழியை நோக்கிச் செல்லுமாறு, வாயிலருகிலும் நடைவழியிலும் அதனை அமைப்பது நன்று. தீயை எதிர்கொள்ளும்போது வாயில் அவருக்குப் பின்னால் இருக்கும். தீ அடங்கவில்லை எனில் பின்வாங்கி வெளியேறலாம். அறையின் உட்கோடியில் மாட்டினால், கருவியைத் தேடிச் சென்றவரைத் தீ வழிமறித்துவிடக்கூடும். பசைக்குவளைக்கு நேர்மேலே மாட்டினால், தீப்பற்றிய பின் கருவியை நெருங்கவே இயலாது.

உயரமும் முக்கியம். 18 கிலோ எடைக்கு மேற்படாத தீயணைப்பானின் மேல்முனை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டருக்கு மேல் இருக்கலாகாது என்று மேற்சொன்ன அமெரிக்கத் தரநிலை கூறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடிக் காலணிக் கூடங்களில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. அவர்கள் எட்டி இறக்கக்கூடிய உயரமா, தூக்கிச் செல்லக்கூடிய எடையா என்பதைக் கருவியை மாட்டுபவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மேல்தளத்தில் உள்ள கருவியைக் கீழ்த்தளத்தின் கணக்கில் சேர்க்கலாகாது. பூட்டிய அறைக்குள் உள்ள கருவிக்கு நடைத்தொலைவு என்பதே இல்லை. அது எந்தத் தொலைவிலும் எட்டாதது.

தெரிந்து தெளிவோம்

தீயைக் கண்டவுடன் முதலில் குரல் கொடுத்துப் பிறரை எச்சரிக்க வேண்டும். தீ சிறிதாகவும் வெளியேறும் வழி முதுகுப்புறத்திலும் இருந்தால் மட்டுமே தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். பாதுகாப்பு ஊசியை இழுத்து நீக்குக, குழல்முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்க, பிடியை அழுத்துக, பக்கவாட்டில் இருபுறமும் வீசுக. தீ அடங்கவில்லை எனில் உடனே வெளியேறுக. தீயணைப்பு நிலையத்தை அழைக்க 101. அவசர உதவிக்கு 112.

வரலாறு தந்த பாடங்கள்

நியூயார்க்கு நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்கூடத்தில் 1911ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தீப்பற்றியது. எட்டாம் தளத்தில் வெட்டும் மேசையின் அடியில் இருந்த துணிக்கழிவுத் தொட்டியில் அது தொடங்கியது. அருகில் இருந்த வாளிகளின் நீரை ஊற்றியும் தீ அடங்கவில்லை. குழாயில் நீர் வரவில்லை. ஒன்பதாம் தளத்தில் தையல் இயந்திரங்கள் பொருத்திய நீண்ட தொடர்மேசைகள் இருந்தன. குறுக்கே கடக்க வழியின்றிச் சிலர் மேசைகளின் மேல் ஏறித் தாண்டினர். ஒருபக்க வாயில் பூட்டியிருந்தது. 146 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். நாம் கற்பனையில் கண்ட 37 மீட்டர் வழி, அங்கே உண்மையாகவே உயிர்களைப் பறித்தது. அத்துயரத்திற்குப் பின், தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1913ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புக்கெனக் குழு ஒன்றை அமைத்தது. கட்டடங்களிலிருந்து வெளியேறும் வழிகளுக்கான நெறிமுறை 1927ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு நூற்றாண்டு கடந்தும் இப்பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. பாகிசுத்தானின் இலாகூர் நகரில் காலணிக் கூடம் ஒன்றில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் 25 பேர் தீக்கு இரையாயினர். மின்தடையின்போது மின்னாக்கியை இயக்க முயன்றபோது எழுந்த தீப்பொறி, காலணி செய்யப் பயன்படும் வேதிப்பொருளில் பற்றியது. அம்மின்னாக்கி இருந்த இடமே கட்டடத்தின் ஒரே வெளியேறும் வழி. தீ வாயிலில் பிறந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கு வழியே இல்லாமற்போயிற்று.

தொலைதூர நாடுகளைப் பற்றி மட்டும் பேசி நாம் அமைதியடைய இயலாது. கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் பள்ளி ஒன்றில் ஓலைக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கூரை எரியக்கூடியது, படிக்கட்டு குறுகியது. அக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பான இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவை உரிய காலத்தில் எவரும் அளந்துபார்க்கவில்லை.

நாள்தோறும் மாறும் தொலைவு

ஒருமுறை அளந்து குறித்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? சுவர்கள் அசைவதில்லை, ஆனால் நடைவழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏற்றுமதி நாள் நெருங்கும்போது அட்டைப்பெட்டிகள் நடைவழியில் அடுக்கப்படுகின்றன. புதிய இயந்திரம் ஒன்று இடைவெளியை அடைத்துவிடுகிறது. தோல்கட்டுகள் தீயணைப்பானை மறைத்து உயர்கின்றன. திருட்டுக்கு அஞ்சிப் பக்கவாயிலைப் பூட்டிவிடுகின்றனர். காலையில் 12 மீட்டராக இருந்த நடைத்தொலைவு மாலையில் 30 மீட்டர் ஆகிவிடலாம். சுவரில் ஒட்டிய வரைபடமோ காலையில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

தொழிலாளரின் தீப்பாதுகாப்புக்கென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 38ஆம் பிரிவில் விதிகளை வகுத்தது. தீயைத் தடுத்தல், தப்பிக்கும் வழியைப் பேணுதல், தீயணைக்கும் கருவிகளை வைத்தல் ஆகியவற்றோடு, தொழிலாளர் அவ்வழியை அறிந்திருக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் நோக்கம். சட்டமும் தரநிலையும் எல்லையைச் சொல்லும். அந்த எல்லை இன்றும் காக்கப்படுகிறதா என்பதை அங்கே பணிபுரிவோர் நடந்து பார்த்தே அறிய முடியும்.

நடந்து பார்க்கும் முறை கடினமானதன்று. கூடத்தில் தீப்பற்ற வாய்ப்புள்ள இடங்களையும் மிகத் தொலைவில் உள்ள இருக்கைகளையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து தீயணைப்பான் வரை, வழக்கமான வேலைநேரத்தில், பெட்டிகளும் வண்டிகளும் இருக்கும் நிலையிலேயே நடக்க வேண்டும். அளவுச்சக்கரமோ நாடாவோ இல்லையெனில், காலடியின் நீளத்தை அளந்துகொண்டு அடிகளை எண்ணலாம். மேசைக்கு அடியில் குனிந்து செல்வதும் பெட்டிமேல் ஏறித் தாண்டுவதும் கணக்கில் சேரா. வரம்பைத் தாண்டினால் வழியைத் திறக்க வேண்டும். இயலாதெனில் கருவியை இடம்மாற்றவோ புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ வேண்டும். மாதம் ஒருமுறை கருவியின் அழுத்தமானியைப் பார்க்கும் வேளையில், வழியையும் நடந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

இந்நடையை மேற்பார்வையாளர் மட்டும் மேற்கொண்டால் போதாது. கடைசி வரிசையில், எதிர்ச்சுவரின் மூலையில் அமர்ந்து தைக்கும் பெண் தன் இருக்கையிலிருந்து எழுந்து நடக்க வேண்டும். அவர் எண்ணும் அடிகளே அக்கூடத்தின் உண்மையான அளவு. எங்கே இடறுகிறது, எங்கே சுற்றவேண்டியிருக்கிறது, கருவி கைக்கு எட்டுகிறதா என்பதை அவரே நன்கு அறிவார். அவர் சொல்வதைக் கேட்டு ஒரு பெட்டி நகர்த்தப்படுமானால், ஒரு பூட்டு திறக்கப்படுமானால், அந்த அளவை பயன்பெற்றது எனலாம்.

நாழிகைவழி என்று பெயரிட்ட நம் முன்னோர் நடப்பவரை மறவாமல் அளந்தனர். பாதுகாப்பு என்னும் சொல்லுக்கும் அம்மறவாமையே அடிப்படை. நாம் பயிலும் வகுப்பறையிலிருந்து அருகில் உள்ள தீயணைப்பானுக்கு எத்தனை அடி? பாடம் முடிந்ததும் எழுந்து நடந்தால் விடை தெரிந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் தீயணைப்பான்கள் உள்ள இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் வரைக. ஒவ்வொரு வகுப்பறையின் கடைசி இருக்கையிலிருந்தும் நடந்து அளந்து, நேர்கோட்டுத் தொலைவையும் நடைத்தொலைவையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் உள்ள தொழிற்கூடம், திருமண மண்டபம், அங்காடி ஆகியவற்றுள் ஒன்றில் நடைவழியை அடைத்திருக்கும் பொருள்கள் எவை எனக் கண்டு வகுப்பில் உரையாடுக.

3. சாண், முழம், கூப்பீடு, காதம், நாழிகைவழி போன்ற பழைய நீட்டலளவைப் பெயர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. 'நாழிகைவழி' என்றால் என்ன?
2. கரைப்பானில் பற்றிய தீயின்மேல் நீரை ஊற்றலாகாது. ஏன்?
3. தீயணைப்பானை வாயிலருகே அமைப்பதன் பயன் யாது?

சிறுவினா

1. நேர்கோட்டுத் தொலைவுக்கும் நடைத்தொலைவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தில் வரும் கூடத்தின் வழி விளக்குக.
2. நேரம் மும்மடங்கானால் தீ எத்தனை மடங்காகும்? இக்கணக்கு தீயணைப்பானின் இடத்தைத் தீர்மானிக்க எவ்வாறு உதவுகிறது?

நெடுவினா

'ஒருமுறை அளந்து குறித்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை.' இக்கருத்தை டிரையாங்கிள், இலாகூர், கும்பகோணம் நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.